எல்லை வேலி: கோட்டின் மேலா, உள்ளே தள்ளியா? சரிவில் தூண் நடுவது எப்படி?

தாழ்வாரம் (கேள்வி)

வணக்கம். எங்கள் வீட்டின் இடப்புற எல்லையில் வேலி போட வேண்டும். நீளம் 40 மீட்டர். இப்போது நிற்பது மரக்கால் நட்டுப் போட்ட பழைய வேலி. பாதிக் கால்கள் உளுத்துவிட்டன, மேலே படர்ந்திருக்கும் கொடியின் பிடியில்தான் நிற்கின்றன. ஒரு காலை அசைத்துப் பார்த்தேன், தரை மட்டத்தில் முறிந்து கையோடு வந்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதி இன்னும் கெட்டியாகவே இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் நல்ல மனிதர், எங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. "செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வோம், ஆனால் சுவர் மாதிரி மறைப்பாக இருக்க வேண்டும்" என்கிறார். எனக்குக் கம்பிவலை போதும். காற்றை மறிக்க மனமில்லை. இன்றைக்கு நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், நாளைக்கு அவர் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் இந்த வேலியை வைத்து மனக்கசப்பு ஆகிவிடக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அதனால் ஆரம்பத்திலேயே சரியாகச் செய்துவிட நினைக்கிறேன்.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பக்க எல்லைக்கல் இருக்கிறது. பின்பக்கக் கல்லைக் காணோம், மண் மூடியதா யாராவது பிடுங்கினார்களா தெரியவில்லை. முன்பாதி 20 மீட்டர் சமதரை. பின்பாதி 20 மீட்டரில் தரை இறங்கிக்கொண்டே போய், கடைசியில் 4 மீட்டர் தாழ்ந்துவிடுகிறது. நடுவில், எல்லைக் கோட்டின் மேலேயே ஒரு பெரிய மரம், கட்டிப்பிடித்தால் கை எட்டாது. மழை பெய்தால் அவர் பக்கத்துத் தண்ணீர் சரிவில் ஓரிடத்தில் எங்கள் பக்கம் திரும்பி ஓடும். வீட்டில் நாய் இருக்கிறது, தோண்டுவதில் கெட்டிக்காரன்.

தூணை எல்லைக் கோட்டின் மேல் நடுவதா, என் பக்கம் தள்ளி நடுவதா? சரிவில் வலை எப்படிப் போகும்? மரத்தை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடப்பாரை

அம்மா, வேலி போடுவதுதான் என் தொழில், அப்பா காலத்திலிருந்து. உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் காணாமல்போன கல். அது கிடைக்கும் வரை ஒரு குழிகூட வெட்டாதீர்கள். பழைய வேலி நின்ற கோட்டை எல்லை என்று நம்பி அதே இடத்தில் புது வேலி போடுகிறவர்கள் ஏராளம். பழைய வேலியை யாரோ தங்கள் வசதிக்குப் போட்டிருப்பார்கள், அதற்கும் பத்திரத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அளவைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

கோட்டின் மேலா உள்ளேயா என்றால், பணம் யாருடையது என்பதைப் பொறுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து போட்டால் தூணின் நடுமையம் கோட்டின் மேல் வரலாம், வேலி இருவருக்கும் பொது. நீங்கள் மட்டும் போட்டால் முழுசாக உங்கள் மண்ணுக்குள் இருக்க வேண்டும். முழுசாக என்றால் தூண் மட்டும் இல்லை, மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட்டும் சேர்த்து. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 10 சென்டிமீட்டர் தூணுக்கு 30 சென்டிமீட்டர் அகலக் குழி வெட்டுவோம். தூண் முகத்தைக் கோட்டோடு ஒட்டி வைத்தால் கான்கிரீட் 10 சென்டிமீட்டர் அடுத்தவர் மண்ணில் போய் உட்கார்ந்துவிடும். மேலே பார்த்தால் தெரியாது. பிற்பாடு அவர் அங்கே ஏதாவது கட்டப்போகும்போது மண்வெட்டி இடிக்கும், அப்போதுதான் பேச்சு வளரும். குழியின் விளிம்பே கோட்டுக்கு உள்ளே நிற்கும்படி, தூண் மையத்தைக் கோட்டிலிருந்து ஒரு 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

இரண்டாவது, மூலைத்தூண். சொல்லப்போனால் இதுதான் முதலாவது. கம்பிவலை வேலியில் இடைத்தூண்கள் வலையைத் தூக்கிப் பிடிக்கின்றன, அவ்வளவுதான். இழுவை முழுவதும் இரண்டு முனைத்தூண்களின் மேல்தான் விழுகிறது. சாய்ந்த வேலியை எங்கே பார்த்தாலும் நான் முதலில் மூலைக்குத்தான் போவேன். அங்கே மண் ஒரு பக்கம் விரிசல் விட்டு, தூண் உள்பக்கமாகத் தலை சாய்த்திருக்கும். நடுவில் வலை தொங்குகிறது, இன்னும் இழுத்துக் கட்டுங்கள் என்பார்கள். இழுக்க இழுக்க மூலைதான் இன்னும் சாயும்.

அதனால் தரைக்கு மேல் 1.5 மீட்டர் வேலி என்றால், இடைத்தூண் 60 முதல் 75 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகட்டும். முனைத்தூண் 90 சென்டிமீட்டர். தூணும் ஒரு சுற்றுப் பெரியதாக எடுங்கள். முனைத்தூண் ஒவ்வொன்றுக்கும் வேலி போகும் திசையில் ஒரு முட்டுக்கால் கட்டாயம் வேண்டும். தூணின் மேல் பாதியில் தொடங்கிச் சாய்வாக இறங்கி, அதுவும் தன் சொந்தக் கான்கிரீட்டில் உட்கார வேண்டும். சும்மா மண்ணில் ஊன்றிய முட்டுக்கால் முதல் மழையிலேயே புதைந்துவிடும். உங்களுக்கு 20 மீட்டரில் தரை மடங்குகிறது அல்லவா, அந்த மடிப்பிலும் ஒரு இழுவைத்தூண் நட்டு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். சமதரை வலை தனி, சரிவு வலை தனி. ஒரே இழுப்பில் இரண்டையும் இழுத்தால் மடிப்பில் இருக்கும் தூண் மேல்நோக்கிப் பிடுங்கும், இல்லாவிட்டால் கீழே அமுங்கும்.

சரிவில் தூண் எப்போதும் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும், தரைக்குச் செங்குத்தாக இல்லை. கண்ணுக்குத் தரைதான் ஏமாற்றும். ரசமட்டத்தை ஒரு முகத்தில் வைத்துப் பார்த்தால் போதாது, அடுத்தடுத்த இரண்டு முகத்திலும் வைத்துப் பாருங்கள்.

வலைக்கு இரண்டு வழி. படிபடியாக இறக்கலாம், அல்லது தரையோடு சாய்த்துக் கொண்டுபோகலாம். உங்கள் சரிவு 5 மீட்டருக்கு 1 மீட்டர். தூணுக்குத் தூண் 2.5 மீட்டர் என்றால் ஒவ்வொரு இடைவெளியிலும் 50 சென்டிமீட்டர் இறங்குகிறது. படியாகப் போட்டால் ஒவ்வொரு படிக்கும் கீழே அரை மீட்டர் உயர முக்கோணச் சந்து விழும். உங்கள் நாய்க்குத் தோண்டும் வேலையே மிச்சம். பின்னல் வலை என்றால் சாய்த்துக் கொண்டுபோகலாம். அதன் கண்கள் வளைந்து கொடுக்கும், தரையோடு இணையாக இறங்கும். பற்றவைத்த சட்டவலை அப்படி வளையாது, அது படிக்குத்தான் சரி. ஆகவே உங்கள் பின்பாதிக்கு என் ஓட்டு பின்னல் வலைக்கே. சாய்த்துக் கட்டும்போது வலையின் ஓரம் தூணோடு சேராது, கோணலாக நிற்கும். ஓரத்துக் கம்பிகளைக் கழற்றி மறுபடி பின்னித்தான் சேர்க்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆள் வேண்டும். வெட்டிவிட்டுக் கட்டுக்கம்பியால் முடிந்து வைப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

குழியைப் பற்றி ஒன்று. வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் வெட்டிவிடுவார்கள், கடப்பாரையால் வெட்டும்போது தானாகவே அப்படித்தான் வரும். அதில் ஊற்றிய கான்கிரீட் கூம்பு மாதிரி ஆகிவிடுகிறது, பிடிமானம் குறைவு. பக்கங்கள் செங்குத்தாக, முடிந்தால் அடி கொஞ்சம் அகலமாக வெட்டச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். கான்கிரீட்டின் மேல்முகத்தைத் தரைக்கு இரண்டு விரல் மேலே, தூணிலிருந்து வெளிப்பக்கம் வழியும்படி கரண்டியால் சாய்த்துத் தேய்க்க வேண்டும். உங்கள் பழைய மரக்கால் தரை மட்டத்தில் முறிந்து, அடி கெட்டியாக இருந்ததே, அதற்குக் காரணம் இதுதான். ஆழத்தில் காற்று போகாது, மேலே ஈரம் தங்காது. இரண்டும் சேரும் இடம் தரை மட்டம். மரம் அங்கேதான் உளுக்கும், இரும்புக் குழாயும் அங்கேதான் துருப்பிடிக்கும். நாகப்பூச்சு போட்ட ஜி.ஐ. குழாயே எடுங்கள். எங்காவது பற்றவைத்தால் அந்தச் சூட்டில் பூச்சு எரிந்துபோகும், அந்த இடத்தைத் தேய்த்துத் துத்தநாகப் பெயிண்ட் அடிக்காமல் விட்டால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். குழாயின் மேல்வாய்க்கு மூடி போட மறக்க வேண்டாம், மழைநீர் உள்ளே இறங்கி நின்றால் வெளியே எத்தனை பூச்சு அடித்தும் பலன் இல்லை.

நாய்க்கு: வலையை 30 சென்டிமீட்டர் அதிகமாக விட்டு, உங்கள் பக்கம் தரையோடு மடித்து மண் போட்டு மூடுங்கள். வேலி ஓரத்தில்தான் அது தோண்டும், தோண்டினால் கம்பி தட்டும். பின்னால் தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது.

அளவுநாடா

நில அளவைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். கடப்பாரை சொன்னதுபோல் முதலில் கல்.

ஒரு விஷயத்தைத் தாழ்வாரம் கவனிக்க வேண்டும். நில வரைபடத்தில் எழுதியிருக்கும் நீளம் கிடைமட்ட நீளம். நாடாவைத் தரையோடு விட்டு அளந்தால் அந்த நீளம் வராது. உங்கள் பின்பாதியில் கிடைமட்டமாக 20 மீட்டர், இறக்கம் 4 மீட்டர். தரையோடு அளந்தால் 20.4 மீட்டர் காட்டும். இது தெரியாமல் தரையில் 20 மீட்டர் அளந்து அங்கே கல்லைத் தேடினால், கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடுவீர்கள். அங்கே தோண்டிப் பார்த்துவிட்டு "கல் இல்லை" என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், கல் அரை முழம் தள்ளி மண்ணுக்குள் இருந்தது. சரிவில் நாடாவைக் கிடையாகப் பிடித்து, மறுமுனையில் தூக்குக்குண்டு விட்டுப் புள்ளியை இறக்குங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், ஐந்தைந்து மீட்டராக இறங்கிப் போங்கள். தூணுக்குத் தூண் இடைவெளியையும் இப்படித்தான் அளக்க வேண்டும்.

கல் உண்மையிலேயே போய்விட்டிருந்தால், முன்கல்லிலிருந்து மட்டும் அளந்து அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. திசை ஒரு பாகை தவறினால் 40 மீட்டரில் 70 சென்டிமீட்டர் விலகும். வரைபடத்தில் இருக்கும் வேறு இரண்டு நிச்சயமான புள்ளிகளிலிருந்து அளந்து, இரண்டு நாடாவும் சந்திக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டு நாடாவும் செங்கோணத்துக்குப் பக்கமாகச் சந்தித்தால் புள்ளி கூர்மையாகக் கிடைக்கும். ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வந்து சந்தித்தால், அளவில் ஒரு விரல் தவறு தரையில் ஒரு சாண் ஆகிவிடும். மூன்றாவது புள்ளியிலிருந்தும் ஒரு தடவை அளந்து சரிபாருங்கள். உண்மையில் இதை உரிமம் பெற்ற அளவரைக் கொண்டு செய்வதே நல்லது, நான் விவரம் சொன்னது அவர் வேலையை நீங்கள் பக்கத்தில் நின்று புரிந்துகொள்வதற்காக.

பெரியவர் கட்டாயம் கூட இருக்கட்டும். அவர் இல்லாமல் வைத்த கல் எத்தனை சரியாக இருந்தாலும் அவருக்கு அது உங்கள் கல். கல் வைத்த பிறகு, அசையாத இரண்டு இடத்திலிருந்து, உங்கள் வீட்டு மூலை ஒன்று, அவர் வீட்டு மூலை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், கல்லுக்குள்ள தூரத்தை அளந்து ஒரு தாளில் படம் போட்டு இரண்டு பேரும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். கல் மறுபடி காணாமல் போனாலும் யாரும் தேட வேண்டாம், அந்தத் தாளை வைத்து மீட்டெடுக்கலாம்.

உள்ளே தள்ளி நடுவதானால் இன்னொன்றும் எழுத வேண்டும். வேலிக்கு வெளியே விட்ட துண்டு உங்களுடையது, வேலி எல்லை அல்ல என்று. பல நாட்டுச் சட்டங்களில், நெடுங்காலம் எதிர்ப்பில்லாமல் அனுபவித்த இடத்துக்கு எதிரிடை அனுபவ உரிமை கேட்க வழி இருக்கிறது. பெரியவர் கேட்க மாட்டார். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவலை அடுத்த தலைமுறையைப் பற்றி என்று. எல்லைக்கல்லை மண் மூடாமல் வெளியே தெரியும்படி வைத்திருங்கள். வேலியின் உயரத்துக்கும் அனுமதிக்கும் உங்கள் உள்ளாட்சியில் என்ன விதி என்பதையும் கேட்டுவிடுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

தாழ்வாரம்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நாடாவைத் தரையோடு விட்டுத்தான் நானும் என் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தோம், கிடையாக அளப்பது எங்களுக்குப் புதுச் செய்தி. பெரியவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். அளவரைக் கூப்பிடும் செலவில் தானும் பாதி தருவதாகச் சொல்லிவிட்டார்.

மரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இதற்கு முன்பிருந்த வேலிக் கம்பியை மரத்திலேயே ஆணி அடித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அப்படியே புது வலையையும் மரத்தில் கட்டிவிட்டால் ஒரு தூண் மிச்சம் என்று வேலைக்கு வந்து பார்த்தவர் சொல்கிறார்.

பசுந்தழை

வேண்டாம் அக்கா, தயவுசெய்து வேண்டாம். மரம் தூண் இல்லை. அது ஒவ்வொரு வருடமும் பருக்கிறது, பருப்பது மரப்பட்டைக்கு உடனே உள்ளே. கம்பியைச் சுற்றிக் கட்டினால் சில வருடத்தில் கம்பி பட்டையைக் கவ்விக்கொள்ளும். இலைகளில் உண்டாகும் சத்து பட்டையின் உள்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. இறுகிய கம்பி அந்த வழியை அடைத்துவிடும். ஆணி அடித்தால் அத்தனை கெடுதல் இல்லை என்றாலும் மரம் அதை விழுங்கிவிடும். பிறகு என்றைக்காவது கிளையோ மரமோ அறுக்க வேண்டி வந்தால் உள்ளே இருக்கும் இரும்பில் ரம்பம் பட்டுத் தெறிக்கும், அறுக்கிறவருக்கு ஆபத்து.

எங்கள் தோட்டத்து ஓரத்தில் அப்படி ஒரு மரம் இருக்கிறது. அடிமரத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு பக்கம் முள்கம்பி உள்ளே போகிறது, மறுபக்கம் வெளியே வருகிறது. நடுவில் கம்பி எங்கே என்றே தெரியாது. அந்த உயரத்தில் மரம் உதடு பிதுங்கினாற்போல் தடித்திருக்கிறது, மழைக்காலத்தில் அந்த மடிப்பில் தண்ணீர் நின்று கறுப்பாகக் கசியும். பக்கத்து மரங்கள் தழைத்திருக்க, அது மட்டும் உச்சியில் பட்டுக்கொண்டே வருகிறது.

மரத்துக்கு இரண்டு பக்கமும் வேலியை நிறுத்திவிடுங்கள். அடிமரத்துக்கும் தூணுக்கும் நடுவே மரம் பருக்க இடம் விட வேண்டும். அந்தச் சந்தைத் தூணிலிருந்து நீட்டிய ஒரு சின்ன வலைத்துண்டால் மறைக்கலாம். மரம் பருக்கப் பருக்க அந்தத் துண்டை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். குழியைக் கையால்தான் வெட்ட வேண்டும். மணிக்கட்டு பருமனுக்கு வேர் தட்டினால் அதை வெட்டாதீர்கள், குழியை ஒரு சாண் நகர்த்துங்கள். அடிமரத்துக்குப் பக்கத்தில் தடித்த வேரை வெட்டினால் மரம் பசியால் சாவது ஒரு பக்கம், பெருங்காற்றில் அந்தப் பக்கம் பிடிப்பில்லாமல் சாய்வது இன்னொரு பக்கம். சாய்ந்தால் உங்கள் கூரை அல்லது பெரியவர் கூரை.

கோட்டின் மேல் நிற்கும் மரம் பெரும்பாலும் இருவருக்கும் பொது. கிளை கழிப்பது முதற்கொண்டு அவரைக் கேட்டே செய்யுங்கள். அதையும் அந்தக் கையெழுத்துத் தாளில் ஒரு வரி சேர்த்துவிடலாமே.

கடப்பாரை

பசுந்தழை சொன்னதற்கு மேல் மரத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று: மரத்தருகே வேலி நிற்கிறது என்றால் அந்த இரண்டு தூணும் முனைத்தூண்கள் ஆகிவிடுகின்றன. இரண்டுக்கும் 90 சென்டிமீட்டர் ஆழமும் முட்டுக்காலும் வேண்டும். முட்டுக்கால் மரத்தை விட்டு விலகிப் போகும் திசையில்தான் வரும் என்பதால் வேருக்குத் தொல்லை குறைவு. "ஒரு தூண் மிச்சம்" என்றவர் இழுவை எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை.

தண்ணீர் ஓடும் இடத்தைப் பற்றி முன்பு சொல்ல விட்டுப்போயிற்று. தண்ணீருக்கு வேலி தெரியாது, ஓடிய இடத்திலேயேதான் ஓடும். சரிவில் எல்லை நெடுகத் தரையோடு ஒட்டிக் கல்வரிசையோ குட்டைச்சுவரோ கட்டினால் அது அணைக்கட்டு ஆகிவிடும். தண்ணீர் பெரியவர் பக்கம் தேங்கும், ஊறிய மண் சுவரைத் தள்ளும். தண்ணீர் ஓடும் இடத்தில் வலையின் அடி தரைக்கு நாலு விரல் மேலே இருக்கட்டும், சருகும் தண்ணீரும் போய்விடும். நாய்க்காக மடித்துப் புதைக்கச் சொன்னது மற்ற இடங்களுக்கு. ஓடை குறுக்கிடும் அந்த ஒரு இடைவெளிக்கு மட்டும் தனியாக ஒரு சட்டவலை செய்து, மேல்கம்பியில் வளையம் போட்டுத் தொங்கவிடுங்கள். வெள்ளம் வந்தால் அது தானே திறந்து தள்ளிக்கொடுக்கும், வடிந்ததும் பழையபடி தொங்கும். அதன் இரண்டு பக்கத் தூணையும் நீரோட்டத்துக்கு வெளியே கெட்டித்தரையில் நடுங்கள், ஓடைப் படுகையில் நட்ட தூணின் அடியை நீர் அரித்துவிடும். தொங்கும் சட்டத்துக்குக் கீழே நாய் தோண்டாமல் இருக்க நாலைந்து பெரிய கற்களைச் சேர்த்துப் பரப்பினால் போதும், தண்ணீர் அவற்றுக்கு நடுவே போய்விடும்.

நூல் பிடிப்பது எப்படி என்றும் எழுதிவிடுகிறேன், உங்கள் தம்பி உதவுவார் போலிருக்கிறது. முனைத்தூண்களை முதலில் நட்டு, நன்றாக இறுகிய பிறகுதான் இடைத்தூணுக்கு நூல் கட்ட வேண்டும். நூல் தூணின் முகத்தைத் தொடக் கூடாது. ஒரு விரல் அகலம் விட்டுக் கட்டி, ஒவ்வொரு தூணும் அந்த ஒரு விரல் இடைவெளியில் நிற்கிறதா என்று பாருங்கள். தொடும்படி கட்டினால் ஒரு தூண் துளி வெளியே தள்ளினாலும் நூல் அதோடு சேர்ந்து விலகிவிடும், அடுத்த தூண்கள் எல்லாம் அந்தத் தவறான நூலுக்கு நேராக நிற்கும். 20 மீட்டர் நூலைக் காற்றும் அசைக்கும், அதனால் நடுவில் ஒரு முளை அடித்து நிறுத்துங்கள். கடைசியில் முனைத்தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி வரிசையைப் பாருங்கள். நூலும் ரசமட்டமும் விட்டதைக் கண் பிடிக்கும். மூலை என்றதும் 3-4-5 போட்டுச் செங்கோணம் பார்க்கக் கொத்தனார் கிளம்புவார். அது வீட்டுக்கு. எல்லை வேலி கல்லிலிருந்து கல்லுக்குப் போகிறது, மூலை எந்தக் கோணத்தில் வந்தாலும் அதுதான் சரி.

குழி வெட்டும் முன் அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கம்பி ஏதாவது மண்ணுக்குள் போகிறதா என்று இரண்டு வீட்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லை ஓரமாகத்தான் பெரும்பாலும் இவற்றைக் கொண்டுபோவார்கள்.

தாழ்வாரம்

அளவர் வந்து போனார். பெரியவரும் முழுநேரம் கூடவே நின்றார். பின்கல் மண்ணுக்குள் இருந்தது, தலை மட்டும் உடைந்திருக்கிறது. பழைய வேலி பின்பக்கம் போகப்போக எங்கள் பக்கமாக உள்ளே வளைந்து வந்திருக்கிறது, கடைசியில் ஒரு முழத்துக்கு மேல் வித்தியாசம். பெரியவர் தானாகவே "இது உன் இடம் அம்மா, நாம் கோட்டிலேயே போடுவோம்" என்றார். செலவு பாதிப் பாதி, தூண் கோட்டின் மேல் என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. மரத்தைப் பற்றிய வரியும் சேர்த்தோம்.

மறைப்பு வேண்டும் என்பதை மட்டும் அவர் விடவில்லை. கொடி படர்ந்து மூடும் வரை வலையின் மேல் பச்சை நிழல்துணியைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். உயரத்தையும் 1.5 மீட்டரிலிருந்து 2 மீட்டராக ஆக்கலாமாம். ஆள் வருவது அடுத்த வாரம். கட்டலாமா?

கடப்பாரை

கட்டலாம், ஆனால் அதைக் கணக்கில் எடுத்துத்தான் குழி வெட்ட வேண்டும். வலைக்குள் காற்று புகுந்து போய்விடும். துணி கட்டிய வேலி பாய்மரம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. உயரம் கூடினால் காற்று படும் பரப்பும் கூடுகிறது, நெம்பும் தூரமும் கூடுகிறது. 1.5 மீட்டரை 2 மீட்டர் ஆக்கினால் தூணின் அடியில் விழும் நெம்புதல் முக்கால் பங்குக்கு மேல் அதிகம். முன்பு நான் சொன்ன 60 சென்டிமீட்டர் குழி இதற்குக் காணாது.

என் யோசனை: சமதரைப் பக்கம், அவர் வீட்டு ஜன்னல்களுக்கு எதிரே இருக்கும் நீளத்துக்கு மட்டும் 2 மீட்டர் உயரமும் துணியும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தூணுக்குத் தூண் 2 மீட்டர், ஆழம் 90 சென்டிமீட்டர், குழாயும் தடிமன் கூடியது. மற்ற இடமெல்லாம் 1.5 மீட்டர், வெறும் வலை. துணியும் நெருக்கமாக நெய்ததை வாங்க வேண்டாம், பாதிக் காற்றாவது புகும் ரகம் போதும். அதைச் சாதாரண நூலால் கட்டச் சொல்லுங்கள், கம்பியால் வேண்டாம். புயல் அடித்தால் நூல் அறுந்து துணி போகட்டும், தூண் நிற்கும். கொடி மூடிய பிறகு துணியைக் கழற்றிவிடுங்கள். ஆனால் அடர்ந்த கொடியும் காற்றுக்குத் துணி மாதிரிதான், அதனால் ஆழத்தை "இப்போதைக்குத்தானே" என்று குறைக்க விடாதீர்கள்.

கான்கிரீட் போட்டு ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். அதன் முழுப் பலத்துக்கு 28 நாள் கணக்கு. வலையை இழுக்க ஒரு வாரத்துக்கு முன் யாரையும் தொட விடாதீர்கள், இரண்டு வாரம் பொறுத்தால் இன்னும் நல்லது. வேலையாள் மூன்றாம் நாளே வலையோடு வந்து நிற்பார், அடுத்த வேலைக்குப் போகும் அவசரம் அவருக்கு. முனைத்தூணை மட்டும் முதல் நாளிலேயே போடச் சொல்லிவிடுங்கள், இடைத்தூண் வேலை முடிவதற்குள் அவற்றுக்குக் கூடுதல் நாள் கிடைத்துவிடும்.